பன்னித்தொடை, மேழி, கொள்ளிவாய்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், ஆடும். கட்டில்லயே உக்காருங்க. ஈரோட்டுல இருந்து சிவகாசிக்கு இம்புட்டு தூரம் பஸ்ல குலுங்கி வந்து ஒரு கிழவனைப் பாக்கணும்னு உங்களுக்கு என்ன தலையெழுத்தோ. பேரு என்ன சொன்னீக, பூவேந்தனா? நல்லது.

எனக்கு எழுபத்தாறு நடக்குது. நடுவுல மூச்சு வாங்கும், அப்ப நிறுத்துவேன், நீங்க பாட்டுக்கு இருங்க. போன்ல சொன்னீகள்ல, அந்தப் பழைய கௌபாய் காமிக்ஸை எல்லாம் ஒண்ணாச் சேத்து புஸ்தகமாப் போடப் போறோம், முதல் பக்கத்துல 'தமிழில்'னு யார் பேரைப் போடணும்னு நேர்ல கேட்டு எழுதி வாங்கணும்னு. இதுல கேக்க என்ன இருக்கு? தனுஷ்கோடி, பி.ஏ. அந்த பி.ஏ.வை விட்டுறாதீக. இங்கிலீஷ் வாத்தியாரா இருபத்தொம்பது வருசம் இருந்தவன் நான். அந்தக் காலத்துல என் பேரைப் போட்டாக, இல்லைன்னு சொல்லலை. ஆனா எங்க? கடைசிப் பக்கத்துல, அடுத்த இதழ் விளம்பரத்துக்குக் கீழே, கண்ணாடி போட்டுப் பாத்தாத்தான் தெரியும். சாகுறதுக்குள்ள ஒரு தடவை முதல் பக்கத்துல தனியாப் பாத்துரணும் தம்பி. வேற ஆசை எதுவும் எனக்கு இல்லை.

என்னது? அம்மாவைப் பாக்கணுமா? எங்க வீட்டுக்காரியையா? அவளை எதுக்கு? உள்ள கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கா. அவ எழுத்து எழுதுனவ தம்பி. படத்துல ஆளு வாய்க்குப் பக்கத்துல முட்டையாட்டம் ஒரு வெள்ளை இருக்கும்ல, பலூன்னு சொல்லுவோம், அதுக்குள்ள தமிழை மையால எழுதுறது அவ வேலை. எழுத்து முத்து முத்தா இருக்கும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா எழுதுறது வேற, மொழிபெயர்க்கிறது வேற. இது உங்களுக்கே தெரியும்.

சரி, கேளுங்க. எம்பத்தி ரெண்டுல ஆரம்பிச்சது. எங்க காமிக்ஸ் ஆபீஸ் முதலாளி வெளிநாட்டுல இருந்து கௌபாய் கதை வாங்கினாக. ஷெரிப் டஸ்டின். தொப்பி, குதிரை, தாடி, எல்லாம் உண்டு. படம் நல்ல படம். ஆனா பேச்சு இருக்கே, அய்யய்யோ. நான் படிச்ச இங்கிலீஷ் வேற, அவனுக பேசுற இங்கிலீஷ் வேற. ஒருத்தனாவது துப்பாக்கியைத் துப்பாக்கின்னு சொல்லணுமே! பன்னிக்காலுங்கான். கலப்பைப் பிடிங்கான். கட்டைவிரல் முறிப்பான்ங்கான். புகை வண்டிங்கான். எல்லாமே ஒரே சாமான்தான் தம்பி, இடுப்புல தொங்குற ரிவால்வர்.

நான் விட்டேனா? மதுரைக்குப் போய் லைப்ரரியில நாலு சனிக்கிழமை உக்காந்து தேடினேன். அப்பத்தான் புரிஞ்சது. அந்தக் காலத்து ரிவால்வர் கனமா, நீளமா, உறையில தொங்கும்போது பன்னியோட பின்னந்தொடையாட்டம் இருக்குமாம். அதனால அந்தப் பேரு. பிடி வளைஞ்சு கலப்பைப் பிடி மாதிரி இருக்கும், அதனால இந்தப் பேரு. ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி முதுகுல இருக்குற சின்னச் சுத்தியலைக் கட்டைவிரலால பின்னால இழுக்கணும், இழுத்து இழுத்து விரல் போயிரும், அதனால இன்னொரு பேரு. 'சமாதானம் செய்பவன்'னு ஒண்ணு. அது துப்பாக்கி வித்தவன் வச்ச பேரு, வியாபாரி எங்கயும் வியாபாரிதான்.

இதையெல்லாம் வீட்டுல வந்து சொன்னேன். சும்மாதான் சொன்னேன், சோத்துக்கு உக்காந்தா ஏதாவது பேசணும்ல. இவ குழம்பை ஊத்திக்கிட்டே சொல்றா, "அவுகளும் காடுகரை உழுது, பன்னி வளத்து, மாடு மேச்சவுகதானே. கைக்குப் பழகுன சாமானை வச்சுத்தான் பேரு வைப்பாக. வேற என்னத்த வச்சு வைப்பாக?"ன்னு. எட்டாங்கிளாஸ் படிச்ச பொம்பளை. சாத்தூர் பக்கம் கரிசக்காட்டுப் பிறப்பு, அவ அப்பாவுக்கு ரெண்டு ஏர் இருந்துச்சு. எல்லாத்தையும் தன் ஊர்க் காட்டுக்கே கொண்டு போயிருவா. நான் சிரிச்சுக்கிட்டேன். பின்னால அதையே நான் கட்டுரையில எழுதுனப்ப வாசகர்கள் கொண்டாடினாக. சில விஷயத்தை யாரு சொல்றாங்கிறது முக்கியம் தம்பி, சொல்ற முறை ஒண்ணு இருக்குல்ல.

எங்க வேலை நடக்குற விதம் இதுதான். நான் ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து கோடு போட்ட நோட்டுல தமிழை எழுதி வச்சுருவேன். திங்கக்கிழமை நான் ஸ்கூலுக்குப் போயிருவேன். இவ பகல்ல வாசலுக்கு நேரா வெளிச்சத்துல பலகையை வச்சு, நோட்டைப் பாத்து பலூன்ல எழுதுவா. நாலு மணிக்கு ஆபீஸ் ஆளு சைக்கிள்ல வந்து பக்கத்தை வாங்கிட்டுப் போயிருவாரு. நான் வரும்போது பக்கம் இருக்காது. அச்சாகி வந்த பிறகுதான் நான் பாப்பேன். நாலு வருசம் அப்படித்தான் ஓடுச்சு.

பலூன் சின்னது, தமிழ் நீளம். அங்கதான் சிக்கல். 'பன்றியின் பின்னங்கால்'னு நான் எழுதி வச்சா, பலூன்ல ஆளு மூக்கு மேல போய் இடிக்கும். அதனால இடத்துக்குத் தக்கன அவ கொஞ்சம் சுருக்குவா. சுருக்குறதுதான் தம்பி, வேற ஒண்ணும் இல்லை. நான் எழுதுனது 'பன்றியின் பின்னங்கால்'. அச்சுல வந்தது 'பன்னித்தொடை'. நான் 'கலப்பைக் கைப்பிடி', அச்சுல 'மேழி'. ஏர்க்காரன் கையில பிடிக்கிறதுக்கு அதுதானே பேரு, ரெண்டே எழுத்து. நான் 'கட்டைவிரல் முறிப்பான்', அச்சுல 'விரலொடிச்சான்'. 'சமாதானம் செய்பவன்'னு நான் எழுதுனது 'பஞ்சாயத்து'ன்னு வந்துச்சு. புகை வண்டின்னு நான் எழுதி வச்சதைப் பாத்துட்டு, "கருமருந்து போட்டுச் சுட்டா புகை வராம என்ன செய்யும், நம்ம ஊர்ல பட்டாசுக்காரனைக் கேட்டா சொல்லுவான்"னு முணுமுணுத்தா. அச்சுல வந்து பாத்தா 'கொள்ளிவாய்'னு இருக்கு. கருத்து என்னுது. கொஞ்சம் இழுத்துக் கட்டுனது அவ.

முதல்ல கோவம்தான் வந்துச்சு, பொய் சொல்லலை. ஆனா வாசகர் கடிதம் வர ஆரம்பிச்சுருச்சு. நாகர்கோயில்ல இருந்து, தஞ்சாவூர்ல இருந்து, சிலோன்ல இருந்துகூட ஒண்ணு. 'பஞ்சாயத்தைக் கூப்பிடட்டுமா என்று ஷெரிப் இடுப்பில் கை வைக்கும்போது புல்லரிக்கிறது ஐயா' அப்படின்னு. ஸ்கூல்ல பசங்க எனக்கு மேழி சார்னு பேரு வச்சுட்டானுக. ஹெட்மாஸ்டரே ஒரு நாள், "என்ன மேழி, டீ சாப்பிடலாமா?"ன்னாரு. ஒரு மனுசனுக்கு இதைவிட என்ன வேணும்? எனக்குக் கால் தரையில படலை அப்ப.

எம்பத்தாறு ஆடி மாசம். அந்த வருசம்தான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சார், தீபாவளி மலருக்குப் பெரிய கதை போடுறோம், நூத்திப் பன்னெண்டு பக்கம். அதுவரைக்கும் மாசாமாசம் ஒரு பக்கம் நீங்க கட்டுரை எழுதுங்க, ஒவ்வொரு துப்பாக்கிப் பேரும் எப்படி வந்துச்சுன்னு. உங்க போட்டோவோட போடுறோம்"னாரு. போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனேன். கோட்டு அவுகளே குடுத்தாக.

முதல் கட்டுரை வந்த அன்னைக்கு இவ அதை எடுத்து முழுசாப் படிச்சா. ரெண்டு தடவை படிச்சா. மடிச்சு வச்சுட்டு என்கிட்ட வந்து கேட்டா. ஒரே ஒரு தடவைதான் கேட்டா, அதுவும் மெதுவா. "இதுல ஓரமா, எழுத்து: தங்கக்கனின்னு போடச் சொல்லுவீகளா? பெருசா வேணாம். எங்க அண்ணன் வீட்டுல காட்டணும்"னா.

நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? "அச்சகத்துல மெஷின் ஓட்டுறவன் பேரைப் போடுறாகளா? கட்டிங் பண்றவன் பேரைப் போடுறாகளா? எழுத்து எழுதுறவ பேரைப் போட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாக. நீ நான் எழுதுனதைப் பாத்து எழுதுறவ, அவ்வளவுதானே"ன்னேன். ஞாயமாத்தான் சொன்னேன். சத்தம்கூடப் போடலை. சொல்லுங்க தம்பி, இதுல என்ன தப்பு? நீங்க ஏன் தரையைப் பாக்குறீக?

அவ "சரி"ன்னா. போய் அரிசி களைஞ்சா. நான் பிரச்சினை முடிஞ்சதுன்னு நினைச்சேன். பொம்பளைக சரின்னு சொன்னா முடிஞ்சு போச்சுன்னு நினைச்ச முட்டாப்பய நான்.

ஆவணி, புரட்டாசி ரெண்டு மாசமும் மலர் வேலை. முன்னால எல்லாம் நான் ஸ்கூல் விட்டு வந்தா, மறுநாளைக்கு எழுதப் போற வரியைக் காட்டி, "இந்த வார்த்தைக்கு இடம் பத்தலை, இதுக்கு என்ன அர்த்தம், அவன் கோவமாச் சொல்றானா கேலியாச் சொல்றானா?"ன்னு நச்சரிப்பா. டீ ஆறிப் போகும். அந்த ரெண்டு மாசம் ஒரு கேள்வி இல்லை. நான் வேற, அப்பாடா நிம்மதின்னு இருந்துட்டேன்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால மலர் வந்துச்சு. ஆபீஸ்லயே பிரிச்சேன். அட்டை அருமையா இருந்துச்சு. மூணாம் பக்கம் திருப்புறேன். ஷெரிப் டஸ்டின் சலூன் கதவை ஒதைச்சுக்கிட்டு உள்ள வாரான். வந்து என்ன சொல்றான் தெரியுமா? 'அனைவரும் கவனியுங்கள்! உங்கள் சமாதானம் செய்பவர்களைக் கீழே வையுங்கள்!' அப்படிங்கான். எழுத்து எறும்பாட்டம் நுணுக்கி நுணுக்கி, பலூன் விளிம்பு வரைக்கும். அடுத்த பக்கத்துல வில்லன், 'அசையாதே! என் கலப்பைக் கைப்பிடி உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது' அப்படிங்கான். இருபத்தோராம் பக்கம். பெரிய படம். ரெண்டு பேரும் எதுத்து எதுத்து நிக்கானுக, வெயில், புழுதி. கீழே எழுதியிருக்கு: 'மின்னல் வேகத்தில் தன் இடுப்பிலிருந்து புகைவண்டியை உருவினான்.'

சிரிக்காதீக தம்பி. நீங்க சிரிக்கீக, ஊரே சிரிச்சுச்சு. ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தன், "என்ன மேழி, மதுரைக்கு உங்க இடுப்புல இருந்து எத்தனை மணிக்கு வண்டி?"ன்னான். நாலு வருசம் கொண்டாடுன அதே ஆளுக.

அன்னைக்கு மலரைச் சுருட்டிக்கிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். இவ முறுக்குக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தா. "என்னடி செஞ்சு வச்சுருக்கே?"ன்னு கத்துனேன். தலையை நிமித்தலை. "நீங்க எழுதுனதைப் பாத்து எழுதினேன். நோட்டு மாடத்துல இருக்கு, எடுத்துச் சரிபாத்துக்கோங்க. ஒரு எழுத்து மாத்தலை"ன்னா.

எடுத்துப் பாத்தேன். எப்படியும் இவ சுருக்கிக்குவான்னு நானும் எப்பவும் போலத்தான் எழுதி வச்சுருந்தேன். நூத்திப் பன்னெண்டு பக்கம். வரிக்கு வரி. ஒரு புள்ளி மாறலை தம்பி! நான் ஒரு இடத்துல அவசரத்துல ஒரு எழுத்துக்குத் துணைக்காலை விட்டுட்டு எழுதியிருந்தேன், அதையும் கால் இல்லாமலே எழுதி வச்சுருக்கா. எவ்வளவு கெட்ட எண்ணம் பாருங்க. கட்டுன புருசன் எழுதுனதை அப்படியே எழுதிட்டா! இப்படி ஒரு துரோகத்தை நான் எங்கயும் கேள்விப்பட்டதில்லை.

முதலாளி மரியாதையான மனுசன். "சார், உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாரு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. 'எழுத்து எழுதுறவ கெடுத்துட்டா'ன்னு சொன்னேன். "நோட்டைக் காட்டுங்க, வேற யாரை வச்சாவது எழுதி அடுத்த தடவை சரி பண்ணிக்கலாம்"னாரு. நோட்டை எப்படிக் காட்டுறது? அதுலயும் அதானே இருக்கு. நான் அப்படியே எந்திரிச்சு வந்துட்டேன். அடுத்த மாசத்துல இருந்து விருதுநகர்க்காரர் ஒருத்தருக்குக் கௌபாயைக் குடுத்துட்டாக. அவரு எல்லாத்துக்கும் துப்பாக்கி, துப்பாக்கின்னே எழுதினாரு. ரெண்டு வருசத்துல ஷெரிப் டஸ்டின் நின்னு போச்சு. என் கட்டுரையும் மூணோட நின்னுச்சு.

ஒரு நிமிசம் இருங்க. மூச்சு வாங்குது. அந்தச் சொம்பை எடுங்க.

அதுக்கப்புறம் இவ காமிக்ஸுக்கு ஒரு வரி எழுதலை. தெக்குத் தெருவுல ஒரு அச்சகத்துல கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து எழுதப் போனா. கீழே ஓரத்துல, கொசு உக்காந்தாப்புல, அவ பேரு இருக்கும். நான் பாத்தாலும் பாக்காத மாதிரி இருந்துக்குவேன். அவளும் காட்டுனதில்லை. வீட்டுல சண்டை எல்லாம் கிடையாது. சோறு வைப்பா, மாத்திரை எடுத்துக் குடுப்பா, ஆஸ்பத்திரிக்குக் கூட வருவா. ஆனா ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்க மாட்டா. அந்த டீ ஆறிப் போற பேச்சு இருக்கே, அது போயிருச்சு. எனக்கு அதுதான் தம்பி ரொம்ப வலிச்சுது. கௌபாய் போனதைவிட அதுதான். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை, உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியலை.

சரி விடுங்க. பேப்பரைக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன். எங்க, இங்கயா?

என்ன தம்பி? முன்னுரைக்கு ஒரு சந்தேகமா? கேளுங்க. துப்பாக்கிப் பேரு எல்லாத்துக்கும் வேர் என்கிட்ட இருக்கு. ம்... அந்தக் குடிகார ஷெரிப்போட பழைய ரிவால்வரா? நாலாம் கதையில வாரதா? ஞாபகம் இருக்கு. இழுப்பான் இழுப்பான், டிக் டிக்குன்னு சத்தம் வரும், ஒரு தடவைகூடச் சுடாது. அதுக்கு இங்கிலீஷ்ல வெறும் பழைய இரும்புன்னுதான் இருக்கா? தமிழ்ல? தமிழ்ல என்ன இருக்கு, அந்தப் பழைய இதழைக் காட்டுங்க, பாப்போம்...

வாத்தியார்.

'என் வாத்தியார் இன்றைக்கும் சத்தம்தான் போடுகிறார், சுட மாட்டேன் என்கிறார்.'

இது... இது நான் எழுதுனதா? இருக்கும். மரியாதைக்காக வச்சுருப்பேன். நாலாவது கதைன்னா எம்பத்தி மூணு. அப்பவே. இதை ஸ்கூல்லகூட எல்லாரும் படிச்சுச் சிரிச்சானுக. நானும் சிரிச்சேன் தம்பி. நல்லா ஞாபகம் இருக்கு, விழுந்து விழுந்து சிரிச்சேன்.

ஏய் தங்கக்கனி! இந்தா, இங்க கொஞ்சம் வா. ஈரோட்டுல இருந்து வந்துருக்காரு. அந்த டிக் டிக் துப்பாக்கிக்கு வாத்தியார்னு பேரு எப்படி வந்துச்சுன்னு கேக்குறாரு. என்னது? சத்தமாச் சொல்லு.

"எனக்கென்ன தெரியும். நீங்க எழுதுனதைப் பாத்து எழுதுனவதானே நான்"ங்குறா. கேட்டீகளா தம்பி? அவ வாயாலயே சொல்லிட்டா. குறிச்சுக்கோங்க.

நீங்க எதுக்கு எந்திரிக்கீக? எங்க போறீக? ஏம்ப்பா, அவ பேரையும் போடவான்னு ஏன் அவகிட்ட கேக்குறீக? பேரு போடுறதுக்கு நான்தானே... சரி கேளுங்க. கேட்டுட்டு வாங்க. எனக்கும் தெரியட்டும்.

என்ன சொன்னா? ஏன் முகம் இப்படி இருக்கு? சொல்லுங்க தம்பி, பரவாயில்லை, நான் தாங்கிக்குவேன்.

"அப்பக் கேட்டேன். இப்ப வேணாம்."

அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலையா? கீரை ஆய்ஞ்சுக்கிட்டே சொன்னாளா, நிமிந்து பாத்துச் சொன்னாளா? கீரை ஆய்ஞ்சுக்கிட்டேவா... சரி. வேணாங்குறவளை நாம என்ன செய்ய முடியும். பேனாவைக் குடுங்க. தமிழில், தனுஷ்கோடி, பி.ஏ. நடுவுல போடுங்க, பெரிய எழுத்துல. பக்கம் பூரா காலியாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்.